மீண்டு வந்த ஒரு சொல்

2011 நவம்பர் 27, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அமெரிக்க நாட்டு ஆலயங்களில் புதிய ஆங்கிலத் திருப்பலி நூல் நடைமுறைக்கு வந்தது. நீசேயா விசுவாசப் பிரமாணத்தில், 1973-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு எளிய சொற்களால் கூறியிருந்த இடத்தில், 'கான்சப்ஸ்டான்ஷியல்' என்னும் அருஞ்சொல் அமர்ந்திருந்தது. வழிபாட்டு மொழி இலத்தீன் மூலத்தை நெருங்கி நிற்கவேண்டும் என்று 2001-இல் உரோமை விடுத்த அறிவுறுத்தலின் விளைவு இது. ஈரி மறைமாவட்ட ஆயர் டொனால்டு டிராட்மன், பொதுமக்களுக்கு விளங்காத சொல் என்று முன்னரே இதனை எதிர்த்திருந்தார்.

இலத்தீனில் 'சுப்ஸ்தான்சியா' என்பது அடியில் நிற்பது, அதாவது ஒன்றை அதுவாகவே இருக்கச் செய்யும் உள்ளியல்பு. அதனை உடன் கொண்டிருத்தலே அச்சொல்லின் கருத்து. இன்றைய ஆங்கிலச் செவிக்கோ 'சப்ஸ்டன்ஸ்' என்றதும் ஆய்வுக்கூடத்து வேதிப்பொருளே நினைவுக்கு வரும்!

ஆயினும் இம்முறையீடு புதிதன்று. 325-இல் நீசேயாவில் கூடிய ஆயர்களும் இதன் கிரேக்க மூலமாகிய 'ஹோமோஊசியோஸ்' கண்டு தயங்கினர். அச்சொல் மறைநூலில் இல்லை. மறைநூற் சொற்களே போதுமெனில் இடர் நேர்ந்திராது. ஆனால் மகன் படைக்கப்பட்டவரே என்ற ஆரியுசின் ஆதரவாளர்கள், 'கடவுளிடமிருந்து வந்தவர்' என்பதையும் ஏற்றனர். அனைத்துமே கடவுளிடமிருந்து வந்தவைதாமே என்பது அவர்கள் விளக்கம். இவ்வாறு வளைக்க இயலாத ஒரு சொல் தேவைப்பட்டது. கடினமாயிருந்தது அதன் குறையன்று, அதன் பணி.

செசரியா ஆயர் எவுசேபியு தயக்கத்தோடுதான் கையொப்பமிட்டார். உடனே தம் மறைமாவட்ட மக்களுக்கு ஒரு மடல் வரைந்தார். கடவுளின் இயல்பு கூறுபடுவதாகவோ, உடல் பிரிவதுபோல் பிரிவதாகவோ இச்சொல் உணர்த்தவில்லை என்று தாம் கேட்டறிந்ததை விளக்கி, ஒப்பியதன் காரணத்தையும் சொன்னார். அம்மடல் இன்றும் கிடைக்கிறது. ஆயர் டிராட்மனின் கவலைக்கு ஏற்ற விடை அச்சொல்லை நீக்குவதில் இல்லை, இத்தகைய மடலில் இருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

தமிழில் நாம் 'ஒரே பொருளானவர்' என்கிறோம். சந்தையில் வாங்குவதும் பொருள், சொல்லுக்குள் இருப்பதும் பொருள், மெய்யறிவோர் தேடுவதும் பொருள். நாவில் இடறாத சொல்லாதலால், ஞாயிறுதோறும் அதை நிறுத்தாமலே கடந்துவிடுகிறோம். அதற்கு எவரிடமும் நாம் விளக்கம் கேட்டதில்லை.