அறத்தின் ஊற்றும் அரசின் அடித்தளமும்: சென்னிமலையிலிருந்து ஓர் ஆய்வு

1. கேள்வி

சென்னிமலையில் 1320 படி ஏறினால் முருகன் சன்னதி, அடிவாரத்தில் தறிச்சத்தம். கந்த சஷ்டி கவசம் இங்கேதான் அரங்கேறியது என்பது ஊரார் நம்பிக்கை. இந்தக் கோயிலின் நிர்வாகம் இந்து சமய அறநிலையத் துறையிடம் இருக்கிறது. மதம் சாராத அரசு கோயில் கணக்கைப் பார்ப்பது எந்த உரிமையில்? அந்த உரிமையைச் சமயமே தந்ததா?

2. கணக்கு வழக்கு

கோயில் சொத்துகளைக் கண்காணிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1817இல் சட்டம் இயற்றியது. 1863இல் ஆங்கில அரசு அந்தப் பொறுப்பிலிருந்து விலகியது. 1920களில் நீதிக்கட்சி ஆட்சி அறநிலைய வாரியம் அமைத்ததற்குக் காரணம் பக்தி அன்று. ஊர் கொடுத்த நிலமும் பணமும் கொடுத்த நோக்கத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்பதே காரணம். கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் இதை ஒப்புக்கொள்வார்.

3. ஒரே சமயம், இரு தீர்ப்பு

1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார். எதிர்த்தவர்கள் கோயில் வழிபாட்டு விதிகளான ஆகமத்தைக் காட்டினார்கள். ஆதரித்தவர்களுக்கு, ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த அடியார்களான நந்தனாரும் திருப்பாணாழ்வாரும் இருந்தார்கள். கதவை அடைத்ததும் சமயம், திறக்கச் சொன்னதும் சமயம்.

என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. வைத்தியநாத ஐயரின் துணிவுக்குப் பக்தியும் ஊற்று என்பதை நான் மறுக்கவில்லை, அதை வணங்குகிறேன். ஆனால் இரு தரப்பும் ஒரே தெய்வத்தைச் சாட்சிக்கு அழைக்கும்போது, வாசலில் நிறுத்தப்பட்டவர் யாரிடம் முறையிடுவார்? 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பின், உள்ளே போவது எவருடைய கருணையையும் நம்பியிருக்கவில்லை.

4. நீதிமன்றம்

சிரூர் மடம் வழக்கில் (1954), சமயத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை அந்தச் சமயக் கோட்பாட்டைக் கொண்டே அறிய வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அந்த வழி நீதிபதியைச் சாத்திர விளக்கம் சொல்பவராக்கிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சேஷம்மாள் வழக்கில் (1972) அர்ச்சகர் நியமனம் உலகியல் செயல் என்று கூறி, பரம்பரை உரிமை ஒழிப்பை ஏற்றது இன்னும் தெளிவான பாதை. ஆனால் பூசையில் ஆகமம் காக்கப்பட வேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்னதால் வழக்கு அதோடு ஓயவில்லை. 2021இல் பல சாதிகளைச் சேர்ந்த பயிற்சி பெற்றவர்கள் அர்ச்சகரானபோதும் எதிர்த்தவர்கள் மறுபடி நீதிமன்றப் படி ஏறினார்கள்.

5. சோறு

கருணைக்கும் உரிமைக்கும் உள்ள இதே வேறுபாடு சோற்றிலும் தெரியும். வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். சாதி, சமயம் பாராமல் பசித்தவர்க்கெல்லாம் சோறு. 1982இல் அரசின் சத்துணவுத் திட்டம் வந்தது. இரண்டிலும் இருப்பது ஒரே இரக்கம். சென்னிமலைப் பள்ளியில் தட்டோடு உட்காரும் நெசவாளர் வீட்டுப் பிள்ளை திருநீறு பூசியிருக்கிறதா என்றும் எவரும் பார்ப்பதில்லை. ஆனால் இங்கே ஒருநாள் சோறு வராவிட்டால் அந்தப் பிள்ளையின் தாய் நேரே போய், ஏன் வரவில்லை என்று கேட்கலாம். பதில் சொல்லும் கடமை அரசுக்கு உண்டு.