காது கேட்டதற்கும் கை எழுதியதற்கும் நடுவே

சில வருஷங்களுக்கு முன்னால் ஓய்வுபெற்ற கம்பாசிட்டர் ஒருவரைப் பேட்டி எடுத்தேன். மூணு மணி நேரம் பேசினார். மடிக்கணினியில் குறிப்பு தட்டிக்கொண்டே, அதே மென்பொருளில் அவர் குரலையும் பதிவு செய்தேன். குறிப்பில் ஓரிடத்தில் இப்படி இருக்கிறது: "பழைய னை – ஈயம் – தம்பி". அவ்வளவுதான். அந்த வரியைத் தொட்டால் அவர் குரல் அங்கிருந்து ஒலிக்கும் என்ற தைரியத்தில் மேலே எழுதவில்லை.

பிறகு கணினி மாறியது. குறிப்புகளை வெளியே எடுத்தேன். எழுத்து ஒரு கோப்பாக வந்தது, ஒலி இன்னொரு கோப்பாக வந்தது, நடுவில் இருந்த முடிச்சு மட்டும் வரவில்லை. அந்த முடிச்சு என்னதான் என்று தேடப் போய்ச் சேர்ந்த குறிப்புகள் இவை.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் பெரிய விஷயமில்லை. ஒரு வரியைத் தட்டும்போது, பதிவு தொடங்கி எத்தனை விநாடி ஆயிற்று என்பதையும் மென்பொருள் கூடவே எழுதி வைத்துக்கொள்கிறது. ஆனால் இந்தத் தேவை கணினிக்கு ரொம்ப முந்தையது. மெழுகு உருளையில் பேசிப் பதியும் டிக்டஃபோன், எடிஃபோன் காலத்திலேயே இயந்திரத்தில் ஒரு காகிதச் சீட்டு இருக்கும். கடிதம் எங்கே முடிகிறது, எங்கே திருத்தம் என்று பேசுகிறவர் அதில் குறி போட்டு வைப்பார். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் டைப்பிஸ்ட் தட்டுவார். பிறகு கேசட் வந்தது. கள ஆய்வுக்குப் போனவர்கள் ரெக்கார்டரின் மூன்றிலக்க எண்ணியைப் பார்த்து நோட்டு ஓரத்தில் 214, 380 என்று குறித்தார்கள். அதில் ஒரு வில்லங்கம்: அந்த எண்ணி நிமிஷத்தை எண்ணாது, சக்கரம் சுற்றுவதைத்தான் எண்ணும். வேறு ரெக்கார்டரில் போட்டால் அதே எண் வேறு பேச்சைக் காட்டும்.

1994இல் பிரிஸ்டலில் இருந்த ஹியூலெட் பேக்கார்ட் ஆய்வகத்தில் ஸ்டீவ் விட்டேக்கரும் சகாக்களும் ஃபைலோசாட் என்ற கருவியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். மின்பேனாவால் எழுதிய குறிப்பைத் தொட்டால் அந்த நேரத்துப் பேச்சு ஒலிக்கும். வெறும் காகிதக் குறிப்பு, டிக்டஃபோன், ஃபைலோசாட் மூன்றையும் ஒப்பிட்டுச் சோதித்தும் பார்த்தார்கள். டிக்டஃபோனில் எல்லாமே இருக்கும், தேடுவதற்குள் பொறுமை போய்விடும். காகிதத்தில் உடனே கிடைக்கும், ஆனால் எழுதாமல் விட்டது கிடைக்காது. இரண்டையும் கட்டிப்போட வேண்டும் என்று தோன்றியது நியாயம்தான்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவர் லிசா ஸ்டைஃபல்மன். எம்.ஐ.டி. மீடியா லேபில், 1997இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வுக்காக ஆடியோ நோட்புக் என்ற கருவியைச் செய்தார். அதில் எழுதுவது நிஜமான காகித நோட்டில்; பக்கத்தில் ஓரிடத்தைப் பேனாவால் தொட்டால் ஒலி வரும். அங்கே ஒரு சிக்கல். நாம் கேட்டவுடனே எழுதுவதில்லை. கேட்கிறோம், இது முக்கியம் என்று நினைக்கிறோம், அப்புறம்தான் கை நகர்கிறது. அதற்குள் பேசுகிறவர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். ஆக, எழுதிய நேரத்தை அப்படியே பிடித்து ஒலியைப் போட்டால் விஷயத்தின் வாலைத்தான் கேட்போம், தலை போயிருக்கும்.

சரி, பின்னால் போகணும். எவ்வளவு? ஆளுக்கு ஆள் மாறும், வரிக்கு வரியும் மாறும். ஸ்டைஃபல்மன் ஒலியையே ஆராய வைத்தார். பேச்சில் எங்கே இடைவெளி விழுகிறது, எங்கே குரல் உயர்ந்து புது விஷயம் தொடங்குகிறது என்று கணினி கணித்து, நாம் தொட்ட இடத்திலிருந்து பின்னால் நகர்ந்து ஒரு சொற்றொடரின் தொடக்கத்தில் போய் நிற்கும். பல மென்பொருள்கள் இன்றைக்கும் "இத்தனை விநாடி பின்னால் போ" என்று ஒரே எண்ணோடு திருப்திப்பட்டுக்கொள்வதைப் பார்க்கையில், அந்த யோசனையின் அருமை புரிகிறது.

அதன்பின் நடந்தது பலருக்கும் தெரிந்ததுதான். 2003இல் மைக்ரோசாஃப்ட் ஒன்நோட் இதைச் சாதாரண அலுவலகக் கணினிக்குக் கொண்டுவந்தது. தட்டிய பத்தி ஒவ்வொன்றும் ஒலியோடு இணைந்தது. 2008இல் லைவ்ஸ்க்ரைப் பேனா வந்தது. காகிதத்தில் அச்சிட்ட நுண்புள்ளிகளைப் பேனா முனையருகே உள்ள கேமரா படித்து, எந்தப் பக்கத்தில் எங்கே எழுதினோம் என்று கண்டுபிடிக்கும். அப்புறம் ஐபேடில் நோட்டபிலிட்டி.

இதெல்லாம் எனக்குச் செய்த உதவியை மறுக்கமாட்டேன். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேட்டி எடுக்க முடிந்தது இதனால்தான். ஆனால் என் குறிப்புகள் வருஷத்துக்கு வருஷம் மெலிந்துபோனதும் இதனால்தான். முன்பெல்லாம் ஒரு பக்கம் எழுதிய இடத்தில் மூணு சொல். முடிச்சு அந்த மென்பொருளின் சொந்த வடிவத்துக்குள்ளேயே கிடந்தது. அதை விட்டு வெளியே வந்தபோது குறிப்பு வெறும் புதிராகிவிட்டது.

அவரிடம் திரும்பக் கேட்கலாம் என்றால், அவர் காலமாகிவிட்டார்.

நாலு ராத்திரி உட்கார்ந்து மூணு மணி நேரத்தையும் கேட்டேன். ஒரு மணி நாற்பத்தொரு நிமிஷத்தில் கிடைத்தது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, பழைய "னை" அச்சுகள் கேஸ் கேஸாக உருக்கப் போனதைச் சொல்கிறார். அதில் ஒன்றை மட்டும் தம்பி சட்டைப்பையில் எடுத்துவந்து வைத்திருந்தானாம். அதற்கு மேல் பேசாமல் கொஞ்ச நேரம் இருக்கிறார். பின்னால் மின்விசிறிச் சத்தம்.

இப்போது வரிக்கு முன்னால் நேரத்தை நானே கையால் தட்டுகிறேன்: 01:41:05. கேசட் காலத்து ஆட்கள் மாதிரி. எட்டு விநாடி குறைத்துத்தான் போடுகிறேன்.