விதி வளைந்த இடம்

இராமானுஜன் பரீட்சையில் தோற்ற கதையைச் சொல்லாத கணக்கு வாத்தியார் இல்லை. 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறெதையும் படிக்காததால் அது பறிபோனது. பிறகு பச்சையப்பன் கல்லூரி, அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. ஆனாலும் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம், துறைமுகத்தில் 30 ரூபாய்க் குமாஸ்தாவாக இருந்தவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கேம்பிரிட்ஜும் தகுதி பார்க்காமல் சேர்த்துக்கொண்டு, 1916-இல் பட்டம் தந்தது.

அந்த 1916-இல்தான் நான் நின்றுவிடுகிறேன். அதே கேம்பிரிட்ஜில் 1890-லேயே பிலிப்பா ஃபாசெட் என்ற பெண் கணிதத் தேர்வில் ஆண்கள் அத்தனை பேரையும் முந்தினார். பட்டம் கிடையாது. பெண்களுக்கு அதைக் கொடுக்க அவர்களுக்கு 1948 வரை ஆயிற்று. இராமானுஜனுக்கு விதி வளைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். வளையக்கூடிய விதிதானே என்பதுதான் உறுத்துகிறது.

ஜானகிக்குப் பள்ளியே வாய்க்கவில்லை. 1909-இல் மணமானபோது பத்து வயது. கப்பலேறிய கணவரின் கடிதங்களை மாமியார் கோமளத்தம்மாள் மறித்ததாக வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1919-இல் நோயோடு திரும்பியவரைக் கடைசிவரை கவனித்துக்கொண்டதும், அவர் எழுதிப் போட்ட தாள்களைச் சேர்த்து வைத்ததும் அவர்தான். அந்தத் தாள்கள் பல்கலைக்கழகம் வழியாக ஹார்டியிடம் போய், 1976-இல் டிரினிட்டி நூலகத்தில் ‘தொலைந்த நோட்டுப் புத்தக’மாகக் கிடைத்தன.

21 வயதில் கைம்பெண்ணான ஜானகி பம்பாயில் தையல் கற்று, திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்தார். 1994 வரை இருந்தார்.

வன்னியம்பட்டி விலக்கில் பேருந்துக்கு நின்ற கணிதத்துறைப் பெண்களிடம் இதைச் சொன்னேன். ‘அந்தத் தாளெல்லாம் என்னன்னு அவங்களுக்கு யாராச்சும் சொன்னாங்களா மேடம்?’ என்று ஒருத்தி கேட்டாள்.