சீனாவின் மீள்பயன்பாட்டு ராக்கெட்டுகளும் விண்கலங்களும்

விண்ணில் பாய்ந்த ராக்கெட்டின் முதல் அடுக்கைச் சேதமின்றித் தரையிறக்கி மறுபடியும் ஏவுவதற்காக, சீனாவின் அரசு நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் பல வடிவமைப்புகளை உருவாக்கிவருகின்றன. இவற்றுள் ஜூச்சுவே-3, லாங் மார்ச்-12ஏ ஆகிய இரண்டும் 2025 டிசம்பரில் மூன்று வார இடைவெளியில் முதன்முறையாகப் பறந்து சுற்றுப்பாதையை எட்டின. ஆனால் இரண்டின் முதல் அடுக்கையும் மீட்க முடியவில்லை. அமெரிக்காவின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் ஃபால்கன்-9 அடுக்கை முதன்முதலில் தரையிறக்கியது 2015 டிசம்பரில். ராக்கெட் முயற்சிகளுக்கு இணையாக, பலமுறை பறக்கக்கூடிய விண்விமானம், ஆளேறும் விண்கலம், சரக்குக்கலம் ஆகியவற்றிலும் சீனா ஈடுபட்டுள்ளது.

செலவு குறையும் என்பதுதான் மீள்பயன்பாட்டுக்கு எங்கும் சொல்லப்படும் காரணம். சீனாவில் அதற்கு முன்பே எழுந்துவிட்ட கேள்வி ஒன்று உண்டு: எரிந்து முடிந்த அடுக்கு எங்கே, யார் தலைமேல் விழுகிறது?

அடுக்குகள் விழும் ஊர்கள்

பனிப்போர்க் காலத்தில் சீனா தன் ஏவுதளங்களை எதிரிகளின் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத உள்நாட்டில் அமைத்தது. கோபி பாலைவனத்தில் ஜியுச்சுவான், ஷான்சி மாகாணத்தில் தையுவான், சிச்சுவான் மலைகளுக்கு நடுவே சிச்சாங். 1970 ஏப்ரல் 24 அன்று நாட்டின் முதல் செயற்கைக்கோளான டோங்ஃபாங்ஹோங்-1 கிளம்பியது ஜியுச்சுவானிலிருந்துதான். பாதுகாப்புக்காகச் செய்த இந்தத் தேர்வின் விலையைச் சிற்றூர்கள் கொடுத்துவருகின்றன. கடற்கரையிலிருந்து ஏவினால் கழன்ற அடுக்கு கடலில் விழும். சிச்சாங்கிலிருந்து கிழக்கே ஏவினால் அது குய்ஜோ, குவாங்சி பகுதிகளின் வயல்களிலும் காடுகளிலும், சில வேளைகளில் வீடுகளுக்கு அருகிலும் விழும்.

லாங் மார்ச் 2, 3, 4 வரிசைகளின் முதல் அடுக்குகளின் எரிபொருள் ஹைட்ரசீன் வகையைச் சேர்ந்தது. அதனுடன் சேர்வது நைட்ரஜன் டெட்ராக்சைடு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டவுடனே தீப்பற்றும். திரவ ஆக்சிஜனைப் போல உறைகுளிரில் வைக்க வேண்டியதில்லை. ஏவுகணைகளுக்கு வசதியான இந்த இரண்டு பொருள்களும் கடும் நஞ்சு. 2024 ஜூன் 22 அன்று சீனாவும் பிரான்சும் சேர்ந்து உருவாக்கிய எஸ்விஓஎம் வானியல் செயற்கைக்கோள் சிச்சாங்கிலிருந்து ஏவப்பட்டது. சற்று நேரத்தில், செம்பழுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு ஓர் அடுக்கு ஊருக்கு மேலே விழுவதும், கீழே மக்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவதும் கைப்பேசிக் காணொளிகளில் பரவின. அந்தச் செம்பழுப்பு நிறம் எஞ்சியிருந்த நைட்ரஜன் டெட்ராக்சைடின் நிறம்.

இதைவிடக் கொடியது 1996 பிப்ரவரி 15 அன்று நடந்தது. இன்டெல்சாட்-708 செயற்கைக்கோளுடன் தன் முதல் பயணத்தில் கிளம்பிய லாங் மார்ச்-3பி, எழும்பிய கையோடு சாய்ந்து 22 நொடிகளில் மலைச்சரிவில் மோதி வெடித்தது. 6 பேர் இறந்ததாகவும் 57 பேர் காயமடைந்ததாகவும் அரசு அறிவித்தது. பக்கத்துக் குடியிருப்பில் நேர்ந்த சேதத்தோடு இந்த எண்ணிக்கை பொருந்தவில்லை என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை.

சீனாவில் மீள்பயன்பாட்டின் முதல் உறுப்பு பிறந்ததும் இந்தச் சிக்கலிலிருந்துதான். 2019 ஜூலை 26 அன்று லாங் மார்ச்-2சி ராக்கெட்டின் முதல் அடுக்கில், கட்டம் கட்டமாகத் துளையிட்ட உலோகத் துடுப்புகளைப் பொருத்திப் பார்த்தார்கள். விழும்போது காற்றில் திசை திருப்ப உதவுபவை அவை. அடுக்கை மீட்பதல்ல, அது விழும் பரப்பைச் சுருக்குவதே அன்றைய நோக்கம். அதே வகைத் துடுப்புகள் இன்று தரையிறங்க முயலும் ராக்கெட்டுகளின் தோளில் இருக்கின்றன.

பழைய ராக்கெட்டுகளின் உடல் விட்டத்தையும் இந்த உள்நாட்டு நிலவியலே முடிவுசெய்தது. தொழிற்சாலையிலிருந்து ஏவுதளத்துக்கு ரயிலில்தான் போக வேண்டும், வழியில் மலைச்சுரங்கங்கள். ஆகவே 3.35 மீட்டருக்கு மேல் பருக்க முடியவில்லை. ஹைனான் தீவில் வென்சாங் ஏவுதளம் 2016-இல் இயங்கத் தொடங்கியதும் கப்பல்வழி திறந்தது. 5 மீட்டர் விட்டமுள்ள லாங் மார்ச்-5 அதே ஆண்டு நவம்பரில் பறந்தது. மண்ணெண்ணெய், திரவ ஹைட்ரஜன், திரவ ஆக்சிஜன் ஆகியவற்றில் இயங்குவதால் நஞ்சுச் சிக்கலும் அதில் இல்லை.

ஆனாலும் விழும் சிக்கல் வேறு உருவில் திரும்பியது. தியாங்கோங் விண்வெளி நிலையத்தின் பகுதிகளைச் சுமந்த லாங் மார்ச்-5பி, 20 டன்னுக்கு மேற்பட்ட தன் மைய அடுக்கைச் சுற்றுப்பாதையிலேயே விட்டுவிடும் அமைப்புடையது. கட்டுப்பாடின்றிக் கீழிறங்கிய அந்த அடுக்குகளில் ஒன்று 2021 மே மாதம் மாலத்தீவுக்கு அருகே இந்தியப் பெருங்கடலில் விழுந்தது. 2022 நவம்பரில் இன்னொன்றுக்காக ஸ்பெயின் தன் வான்வெளியின் ஒரு பகுதியைச் சிறிது நேரம் மூடியது.

அவசரத்தின் காரணம்

சீனா 2024-இல் 68 முறை ராக்கெட் ஏவியது. 2025-இல் எண்ணிக்கை 90-ஐத் தாண்டியது. ஃபால்கன்-9 மட்டும் அந்த ஆண்டு 160 முறைக்கு மேல் பறந்திருக்கிறது. இந்த வேறுபாடு உறுத்துவதற்குக் காரணம் இணையச் செயற்கைக்கோள் திட்டங்கள். அரசின் குவோவாங் திட்டத்துக்கு ஏறத்தாழ 13,000 செயற்கைக்கோள்கள் தேவை. ஷாங்காயின் சியான்ஃபான் திட்டமும் ஆயிரக்கணக்கில் கேட்கிறது. அலைவரிசைக்குப் பதிவுசெய்தவர்கள் குறித்த கெடுவுக்குள் 10 விழுக்காடு, பிறகு 50 விழுக்காடு என்று படிப்படியாக ஏவியாக வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதி. ஒவ்வொரு முறையும் புது ராக்கெட் செய்து இந்த எண்ணிக்கையை எட்டுவது கடினம்.

தனியார் நிறுவனங்களும் துள்ளல் சோதனைகளும்

2014-இல் சீன அரசு விண்வெளித் துறையில் தனியார் முதலீட்டை அனுமதித்தது. மறு ஆண்டே தொடங்கப்பட்ட லாண்ட்ஸ்பேஸ் நிறுவனத்தின் ஜூச்சுவே-2, 2023 ஜூலை 12 அன்று சுற்றுப்பாதையை எட்டியது. மீத்தேனில் இயங்கிச் சுற்றுப்பாதையை எட்டிய உலகின் முதல் ராக்கெட் அதுவே. மண்ணெண்ணெயைப் போலன்றி, மீத்தேன் எஞ்சினுக்குள் கரி படியவிடாது என்பதால், திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் எஞ்சினுக்கு அது ஏற்றது.

தரையிறக்கத்தைப் பழக, ஐஸ்பேஸ் என்ற மற்றொரு தனியார் நிறுவனத்தின் துள்ளல் சோதனைக்கலம் 2023 நவம்பரில் 178 மீட்டர் எழும்பி இறங்கியது. அதே கலம் டிசம்பரில் 343 மீட்டர் போய்வந்தது. 2024 செப்டம்பர் 11 அன்று லாண்ட்ஸ்பேஸின் சோதனைக்கலம் 10 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. நடுவானில் எஞ்சினை அணைத்து, விழும் வேகத்திலேயே மறுபடி பற்றவைத்து இறங்கியது. இந்த மறுபற்றவைப்புதான் மொத்தத் தொழில்நுட்பத்தின் உயிர்நாடி. தொட்டிக்குள் எரிபொருள் அலைபாயும்போது, காற்று எதிர்த்து அறையும்போது, எஞ்சின் குறித்த நொடியில் எரிந்தாக வேண்டும்.

எல்லாச் சோதனைகளும் இப்படி அமையவில்லை. 2024 ஜூன் 30 அன்று ஹெனான் மாகாணத்தின் கோங்யி நகரில், தியான்பிங் நிறுவனம் தியான்லோங்-3 ராக்கெட்டின் முதல் அடுக்கைத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்த்தது. தாங்கியோடு இணைந்த பகுதி முறிந்தது. அடுக்கு தானாகவே வானில் கிளம்பி, 1.5 கிலோமீட்டர் தள்ளி மலைப்பகுதியில் விழுந்து வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லை என்பது தற்செயலே. மக்கள் வாழும் நகருக்கு அருகில் இத்தகைய சோதனையை அனுமதித்தது எந்த வகையிலும் ஏற்கத்தக்கதல்ல.

2025 டிசம்பர்

லாண்ட்ஸ்பேஸின் ஜூச்சுவே-3 துருப்பிடிக்காத எஃகால் ஆனது. உயரம் 66 மீட்டர், விட்டம் 4.5 மீட்டர், முதல் அடுக்கில் 9 எஞ்சின்கள். டிசம்பர் 3 அன்று ஜியுச்சுவானிலிருந்து எழும்பியது. இரண்டாம் அடுக்கு சுற்றுப்பாதைக்குச் சென்றது. கழன்ற முதல் அடுக்கு, கான்சு மாகாணத்தின் மின்சின் வட்டத்தில் ஆயத்தமாக இருந்த தளத்தை நோக்கித் துடுப்புகளால் திசை திருப்பிக்கொண்டே வந்தது. கடைசி எரிப்பைத் தொடங்கியபோது தீ எஞ்சின் பகுதியைச் சூழ்ந்தது. அடுக்கு தளத்தின் ஓரத்தில் மோதிச் சிதறியது. தரையில் யாருக்கும் பாதிப்பில்லை.

இதைத் தோல்வி என்று மட்டும் பதிவுசெய்வது சரியாகாது. சுற்றுப்பாதை ராக்கெட்டின் அடுக்கை, முதல் பயணத்திலேயே சில நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு தளத்தின் விளிம்புவரை கொண்டுவந்திருக்கிறார்கள். டிசம்பர் 23 அன்று பறந்த லாங் மார்ச்-12ஏ அரசு நிறுவனத்தின் முயற்சி. அதுவும் மீத்தேன் ராக்கெட், அதுவும் ஜியுச்சுவானிலிருந்தே கிளம்பியது.

நிலவுப் பயணத்துக்கான ராக்கெட்

2030-க்குள் மனிதரை நிலவில் இறக்குவது சீனாவின் அறிவிக்கப்பட்ட இலக்கு. அதற்கான லாங் மார்ச்-10 மூன்று உடல்கள் சேர்ந்தது, 90 மீட்டருக்கு மேல் உயரம். 2025 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வென்சாங்கில் அதன் முதல் அடுக்கின் 7 எஞ்சின்களும் ஒன்றாக எரித்துச் சோதிக்கப்பட்டன. பூமிச் சுற்றுப்பாதைக்கான லாங் மார்ச்-10ஏ-யின் அடுக்கை மீட்கும் முறை புதுமையானது. கால்கள் கிடையாது. கொக்கிகளை நீட்டிக்கொண்டு இறங்கும் அடுக்கை, கப்பல்மேல் குறுக்கும் நெடுக்கும் கட்டிய கம்பிவடங்கள் தாங்கிப் பிடிக்கும். கால்களின் எடை மிச்சமாவது சுமைக்குப் போகும்.

அந்த ராக்கெட்டில் செல்லவிருக்கும் மெங்ஜோ விண்கலமும் மீள்பயன்பாட்டை எண்ணியே வடிவமைக்கப்பட்டது. அதன் முன்மாதிரி 2020 மே மாதம் ஆளில்லாமல் போய்த் திரும்பியது. 2025 ஜூன் 17 அன்று, ஏவுதளத்திலேயே ஆபத்து நேர்ந்தால் வீரர்களை இழுத்துச்செல்லும் தப்பிப்பு அமைப்பு ஜியுச்சுவானில் வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது.

விண்விமானமும் சரக்குக்கலமும்

சீனாவின் மீள்பயன்பாட்டுச் சோதனை விண்கலம் லாங் மார்ச்-2எஃப் மூலம் ஏவப்பட்டு, விமானத்தைப் போல ஓடுபாதையில் இறங்குவதாக நம்பப்படுகிறது. 2020 செப்டம்பரில் முதல் பயணம் இரண்டு நாள் மட்டுமே. 2022 ஆகஸ்டில் கிளம்பிய இரண்டாம் பயணம் 276 நாள்களும், 2023 டிசம்பரில் தொடங்கிய மூன்றாம் பயணம் 268 நாள்களும் நீடித்தன. அரசு ஒரு படத்தைக்கூட வெளியிடவில்லை. அது விண்ணில் சில பொருள்களை விடுவித்ததை வெளிநாட்டுக் கண்காணிப்பாளர்கள்தாம் கண்டு சொன்னார்கள். அமெரிக்காவின் எக்ஸ்-37பி விண்விமானத்தின் பயணங்களிலும் ஓரளவு மூடுமந்திரம் உண்டு. பலரும் பகிர்ந்துகொள்ளும் சுற்றுப்பாதையில் இரு நாடுகளும் இப்படி நடந்துகொள்வது நல்லதல்ல.

வெளிப்படையாக நடக்கும் முயற்சிகளும் உள்ளன. 2024 செப்டம்பர் 27 அன்று ஏவப்பட்ட ஷிஜியான்-19, மறுபடி பயன்படுத்தத்தக்க மீள்வரவுச் செயற்கைக்கோள். விதைகளையும் ஆய்வுப் பொருள்களையும் சுமந்து சென்று அக்டோபர் 11 அன்று திரும்பியது. தியாங்கோங் நிலையத்துக்குக் குறைந்த செலவில் சரக்கு கொண்டுபோக 2024-இல் தேர்வானவற்றுள் ஒன்று ஹாவோலோங். செங்து விமான வடிவமைப்பு நிறுவனம் உருவாக்கும் இந்தச் சிறகுக்கலம் சுமார் 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்டது. ராக்கெட்டின் மூக்குக்கூம்புக்குள் சிறகை மடக்கி வைத்து ஏவி, நிலையத்தில் சரக்கை இறக்கியபின் சாதாரண விமானநிலைய ஓடுபாதையில் தரையிறக்குவது திட்டம்.