மாவுக்கட்டியும் ஒரு சட்டமும்

கல்முனையிலிருந்து அம்பாறை நகரம் பெரிய தூரமில்லை. ஆனால் போய் இறங்கினால் பாஷை மாறிவிடும். 2018 பெப்ரவரி 26 இரவு நடந்ததை விளங்கிக்கொள்ள இதை மறக்கக் கூடாது.

அங்கே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் ஏதோ கட்டி கிடக்கிறதென்று சத்தம் எழுந்தது. கூட்டம் கூடிவிட்டது. மலட்டு மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் கேட்டார்கள். காசாளருக்குச் சிங்களம் சரியாக வராது. தடுமாறி, ஓம் போட்டோம் என்கிற மாதிரி ஏதோ சொல்லிவிட்டார். வீடியோ முகநூலில் ஓடியது. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு பார்த்தபோது அது வெறும் மாவுக்கட்டி. ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்தில் இல்லவே இல்லை.

ஒரு முஸ்லிம் மருந்துக்கடைக்காரரிடம் 23,000 மலட்டு மாத்திரைகள் பிடிபட்டதாகவும் அதே முகநூலில் ஒரு பொய் சுற்றியது. கவனிச்சுப் பாருங்க, அதில் ஒரு ஏச்சு வார்த்தைகூட இல்லை. செய்தி மாதிரித்தான் இருந்தது. வெறுப்புப் பேச்சை நாங்கள் கெட்ட வார்த்தையில் தேடுகிறோம். அதுவோ ஒரு கூட்டத்துக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கிற வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. எங்கட கோடு அங்கேதான்: மனம் நோகிற பேச்சு வேறு, ஆட்களைத் தாக்கத் தயார்படுத்துகிற பேச்சு வேறு.

சில நாட்களில் திகன எரிந்தது. மார்ச் 7 அரசு சமூக வலைத்தளங்களை முடக்கியது. தன் தளம் இந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது.

சட்டம் இல்லாமலா? 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் இருந்தது. பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டும் வெறுப்பைத்தான் அது தடுக்கிறது. வாசிக்க நல்ல சட்டம். அதில் மாட்டியவர்களைப் பாருங்கள். சிறுகதை எழுதிய சக்திக சத்குமார 2019இல் நான்கு மாதம் உள்ளே. முஸ்லிம்களுக்கெதிரான வெறுப்பைப் பேனாவாலும் கீபோர்டாலும் எதிர்கொள்ள வேண்டுமென்று எழுதிய ரம்ஸி ராசிக் 2020இல் ஐந்து மாதத்துக்கு மேல். ‘ஜிஹாத்’ என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது!

2019 ஜூனில் கல்முனை வடக்கு பிரதேச செயலகப் பிரச்சினை வந்தபோது, கோபம் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில். இரண்டு பக்கமும் ஒரே பாஷை, மொழி விளங்காத காசாளர் எவருமில்லை. செயலகம் யாருக்கு, எல்லை எதுவரை என்று எவ்வளவும் கத்தலாம், அது அரசியல். “அவங்கட கடைக்குப் போகாதீங்க” என்று ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தால், அதிலும் ஏச்சு இருக்காது.