கூடைப்பந்தில் காவல் காக்கும் முறை



சென்ற ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் செனாயில் பட்டணத்துப் பள்ளி ஒன்றோடு கூடைப்பந்து ஆடினார்கள். பால்மரம் வெட்டும் ஒருவரின் மகன், ஐந்தாவது தவறோடு பாதி ஆட்டத்திலேயே வெளியேற நேர்ந்தது. "ஆளை விடாமல் பிடித்தேனே, அது தப்பா சார்?" என்று அழுதான். சடுகுடுவில் வளர்ந்த பிள்ளை அவன். அங்கே பிடிப்பவனுக்குத்தான் வெற்றி. இங்கே ஏன் அது குற்றமாயிற்று?

விடை 1891-ஆம் ஆண்டில் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில், பனிக்காலத்தில் கூடத்துக்குள் ஆட ஒரு விளையாட்டு வேண்டியிருந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பழக் கூடைகள் இரண்டைப் பத்து அடி உயரத்தில் மாட்டி, அணிக்கு ஒன்பது பேராகப் பதினெட்டு மாணவர்களை ஆடவிட்டார். கட்டாந்தரையில் முட்டி மோதினால் எலும்பு முறியும் அல்லவா? ஆகவே தாம் எழுதிய 13 விதிகளில், தோளால் இடிப்பதையும், பிடிப்பதையும், தள்ளுவதையும், இடறிவிடுவதையும், அடிப்பதையும் தடை செய்தார். இரண்டாம் முறை தவறினால், அடுத்த கோல் விழும்வரை வெளியே நிற்கவேண்டும்.

பந்தோடு ஓடக்கூடாது என்பதும் அவர் விதி. ஆனால் சில ஆண்டுகளிலேயே ஆட்டக்காரர்கள் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகரக் கற்றார்கள். தடுப்பவருக்கோ பிடிக்க அனுமதியில்லை. எனவே காவல் காக்கும் பொறுப்பு கைகளை விட்டுக் கால்களுக்கு வந்தது.

நம் முன்னோர் பலர் கப்பலேறிய சென்னையிலும் 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கி, விளையாட்டு ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாக இடம்பெற்றபோது, நெய்ஸ்மித் நேரில் இருந்து கண்டார்.

இந்தக் கதையைச் சொன்னபின் பிள்ளைகளுக்குப் பயிற்சி தொடங்கினேன். சடுகுடுவில் போலவே முழங்காலை மடக்கி இடுப்பைத் தாழ்த்தவேண்டும். எதிரிக்கும் கூடைக்கும் நடுவே ஒரு கை தூரத்தில் நிற்கவேண்டும். பாதங்கள் குறுக்கிடாமல் பக்கவாட்டில் நகரவேண்டும். பார்வை எதிரியின் இடுப்பில் இருக்கட்டும். பந்தும் கண்ணும் ஏமாற்றும், இடுப்பு ஏமாற்றாது. முதல் வாரம் முழுவதும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே பயின்றார்கள். இப்படி நெருங்கிக் காத்தால், பந்தைக் கையில் வைத்திருப்பவர் 5 விநாடிக்குள் அதை எறியவோ தட்டவோ வேண்டும் என்பது இன்றைய விதி. பொறுமைக்குக் கிடைக்கும் பரிசு அது.

அடுத்த ஆட்டத்திலும் நாங்கள் தோற்றோம். ஆனால் அந்தப் பையன் கடைசி விசில் வரை களத்தில் நின்றான். அவன் தந்தை தோட்டத்து லாரியருகே நின்று, மகனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஆடும்போது எத்தனை கோல் போட்டான் என்று மட்டும் கேட்காதீர்கள். யாரையும் அடிக்காமல் எத்தனை பேரைத் தடுத்தான் என்றும் கேளுங்கள்.