அட்டைப்பெட்டிக்குள் ஒரு மரப்பெட்டி ரயில்

அமெரிக்காவில் எச்.ஓ. அளவு, அதாவது 87-இல் ஒரு பங்கு, மாதிரி ரயில்களில் பயணிகள் பெட்டிகளைப் பல ஆண்டுகள் பெரும்பாலும் மரத்துண்டுகளைக் கொண்டே கட்டினார்கள். 1932-இல் மில்வாக்கியில் தொடங்கிய வால்தர்ஸ் நிறுவனம் விற்ற, வீட்டில் கட்டுவதற்கான தொகுப்புகளில் கூரையும் தளமும் மரம். பக்கச் சுவர்கள் உலோகத் தகடு. லாபெல் நிறுவனமோ பழைய மரப்பெட்டிகளின் மாதிரிகளை மரத்திலேயே தந்தது.

மரம் பெரும்பாலும் பாஸ்வுட். ரேகை நெருக்கமாக இருப்பதால் பலகை இணைப்புகளைக் காட்டும் மெல்லிய கோடுகளைச் சிதறாமல் கீறலாம். நடுவில் உயர்ந்த கூரையின் வடிவம் ஆலையிலேயே இழைக்கப்பட்டுவிடும். அதன் முனைகளைச் சரித்துத் தேய்ப்பது கட்டுபவரின் வேலை. இந்தக் கலையின் கடினமான இடம் அதுதான். வண்ணத்துக்கு முன் மரத்தின் நுண்துளைகளை அடைக்கும் சீலர் பூசி, உலர்ந்தபின் உப்புத்தாளால் தேய்ப்பதைப் பலமுறை செய்ய வேண்டும். இல்லையென்றால் இழை வண்ணத்தின் மேல் எழுந்து நிற்கும். 60 அடிப் பெட்டியின் மாதிரி சுமார் 21 செ.மீ. நீளமே, அதில் அந்த இழை அசல் பலகையின் அளவுக்குப் பெரிதாகத் தெரியும்.

வார்ப்புப் பிளாஸ்டிக் 1950-களில் பரவியதும் சந்தை மாறியது. ஆனாலும் பிளாஸ்டிக்கில் வராத மரப்பெட்டி வகைகளுக்காக மரத்தொகுப்புகள் தொடர்ந்தன.